ஐப்பசி மாதத்துப் பக்கம்

அப்பா செத்துவிட்டார் என்று நிரூபிக்க எனக்குப் பதினைந்து நாள் வாய்தா கொடுத்திருந்தார்கள்.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும், பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. வரப்பில் சிவப்புக் கொடி நடுவதும் அறுவடைக்குப் போலீஸ் லாரி வந்து நிற்பதும் எங்கள் பக்கம் சாதாரணம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே நாங்கள் உழுத ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தின் குத்தகைச் சீட்டு அப்பா பெயரில் இருந்தது. அப்பாவோ நான் தொட்டிலில் கிடந்தபோதே பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா தாலியும் குங்குமமுமாக, ஆள் வைத்து நட்டு அறுத்து என்னைப் படிக்க வைத்து ஆசிரியையாக்கியிருந்தாள்.

விசாரணையில் மிராசுதாரின் காரியஸ்தர் எழுந்து, "குத்தகைக்காரன் ஊரவிட்டு ஓடி இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. இவங்க யாரு பதியறதுக்கு?" என்றார்.

தாசில்தார் என்னைப் பார்த்தார். "உங்கப்பா இருக்காருன்னா நேர்ல வரச் சொல்லுங்க. இல்லேன்னா, இல்லேன்னு ஒரு காகிதம் கொண்டாங்க. வாரிசுன்னு உங்கம்மா பேர்ல பதிஞ்சிடறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வரவில்லை. காகிதம் கிடைக்காவிட்டால் நிலம் போகும். கிடைத்தால் அம்மாவின் தாலி போகும். பஸ்ஸில் வீடு திரும்பும் வரை எது நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் பட்டாளத்துப் பழைய பதிவேடுகள் மலைமேல் ஓர் ஊரில் இருப்பதாக விசாரித்து அறிந்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக் கிளம்பினேன். அம்மா தடுக்கவில்லை. கட்டுச்சோற்றைப் பையில் வைத்துக்கொண்டே, "ஐப்பசி மாசத்துல பாரு," என்றாள்.

"எந்த வருஷத்து ஐப்பசிம்மா?"

"நீ நடக்கப் பழகின வருஷம்."

கடைசிக் கடிதம் அப்போது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மேலே கேட்கவில்லை.

பதிவேட்டு அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு முன்னாள் ஹவில்தார், மதுரைப் பக்கத்துக்காரர். அப்பாவின் நம்பரையும் பெயரையும் குறித்துக்கொண்டு, பட்டாலியனின் யுத்தகால நாட்குறிப்பை என் முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் டைப் அடித்த பழுப்புத் தாள்கள். அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதிவரை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மழை. கோவேறு கழுதைகளுக்குத் தீனி வரவில்லை. பூட்ஸ் வந்தது. பட்டாலியன் ஓய்வில் இருந்தது. அந்த மாதத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. சாகவில்லை என்று படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. நல்ல மகள்தான் நான்!

"அந்த வருஷம் முழுக்கப் பாருங்க டீச்சர்," என்றார் அவர்.

ஜூலையில் ஒரு வரி இருந்தது. ஓடையைக் கடக்கையில் துப்பாக்கிச் சூடு, சிப்பாய் ஒருவர் மரணம். பெயர் இல்லை. கழுதைகள் எத்தனை என்று எழுதியவர்களுக்கு ஒரு பெயர் எழுத இடமில்லாமல் போயிற்றா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதிகாரிங்க பேரு மட்டுந்தான் இதுல வரும். சிப்பாய் பேரு வீட்டுக்குத் தகவல் போன ஃபைல்ல இருக்கும்," என்று சொல்லி உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் சேலை முந்தானையை நூல் நூலாகப் பிரித்துவிட்டேன்.

அவர் கொண்டுவந்த தாளில் அப்பாவின் நம்பர், பெயர், எங்கள் ஊர், ஜூலை மாதத்து அந்தத் தேதி, எல்லாம் இருந்தன. அதன் கீழே, மனைவிக்குத் தெரிவிக்கப்பட்டது, விதவைப் பென்ஷன் கோரப்படவில்லை என்று எழுதியிருந்தது. பின்னால் ஊசி குத்தி ஒரு தபால் ரசீது. அக்டோபர் கடைசித் தேதி. பெற்றுக்கொண்டதற்கு இடது பெருவிரல் ரேகை.

ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. என் அம்மாவுக்கு இடது பெருவிரலில் அந்த இடத்தில் தழும்பு உண்டு. சின்ன வயதில் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டது.

முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் போட்டேன்.

"தெரிஞ்சேதானே இருந்தே? என்கிட்டகூடச் சொல்லலையே, நான் உன் பொண்ணா, வேற யாரோவா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நடவு நட்டுக்கிட்டு இருந்தேன். தபால்காரரு வரப்புல நின்னு படிச்சுச் சொன்னாரு. அடுத்த வயல்ல காரியஸ்தர் நிக்கிறாரு. புருஷன் பட்டாளத்துல இருக்கிற வரைக்குந்தான் சர்க்கார் ஆளு வீடுன்னு பயப்படுவாங்க. தாலி அறுத்தவ வீட்ல யாரு ஏர் ஓட்டுவான்னு அன்னைக்கே நிலத்தைப் புடுங்கியிருப்பாங்க. நீ இடுப்புல இருந்தே. ரேகை வச்சுக் குடுத்துட்டு, காகிதத்தைச் சேத்துல மிதிச்சுட்டு, மிச்ச நாத்தையும் நட்டேன். தபால்காரரு சாகிற வரைக்கும் வாயத் திறக்கல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளைத் தொடவும் பயமாக இருந்தது. அவள் தாளை எடுத்து என்னிடமே நீட்டினாள். "இது செல்லும்ல? பதிஞ்சிடுவாங்கள்ல?"

வாய்தா நாளுக்குள் இதையே எத்தனை முறை கேட்டாளோ தெரியாது. காரியஸ்தர் ஏதாவது குட்டையைக் குழப்புவாரோ என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. அவர் குழப்பத்தான் பார்த்தார். தாசில்தார் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு அம்மா பெயரை எழுதச் சொன்னார். அம்மா அதே பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

தாலுகா ஆபீஸ் படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பதிஞ்சாச்சுல்ல?"

"பதிஞ்சாச்சும்மா."

"இனிமே யாரும் புடுங்க முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

"அப்ப நான் அழலாம்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். மனு எழுதுகிறவர்களும் பட்டா வாங்க வந்தவர்களும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"யாரும்மா தவறிட்டாங்க?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

"எங்க அப்பா."

"அடடா. எப்ப?"

"இப்பத்தாங்க," என்றேன்.