திரையில் நாலு, தரையில் ஆறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் செங்கல்பட்டில் என் மைத்துனன் பார்த்திபன் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். ஏழே முக்காலுக்கு, திருக்கழுக்குன்றத்துக்குச் சற்று முன்னால், டிபனுக்காக நின்றோம். இடையில் முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடம் நாங்கள் ஏழு பேர் எதன் மேல் உட்கார்ந்திருந்தோம் என்பதை இப்போது நினைத்தாலும்...

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

பார்த்திபன் மனை விற்பவன். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் கல் நட்டுக் கொடி கட்டி விற்றதெல்லாம் அலுத்துப்போய், இப்போது மோட்டார்ஹோம் வைத்திருக்கிறான். ஒரு பெரிய வேனை வாங்கி, புதிதாக பாடி கட்டி, உள்ளே கட்டில், ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி, கழிப்பறை, டி.வி. எல்லாம் வைத்தாயிற்று. மாமல்லபுரம் பக்கம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறான். அதற்கு முன் குடும்பத்தோடு ஒரு வெள்ளோட்டம்: சதுரங்கப்பட்டினம் கோட்டை, பிறகு மாமல்லபுரம், பிறகு நெம்மேலி. பார்த்திபன், அவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், நான், என் மனைவி. ஓட்டுநர் ஏழுமலை.

வண்டியில் ஏறியதும் பார்த்திபன் எனக்கு முதலில் காட்டியது கட்டிலை அல்ல, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்னத் திரையை. அதில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கட்டங்கள். நான்கிலும் பச்சை நிறத்தில் எண்கள். எல்லாம் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது.

“பாருங்க மாமா. நாலு டயரும் என் கண்ணு முன்னாடி கீது. வால்வுல சென்சார் மாட்டியிருக்கேன். காத்து கொறஞ்சா கத்தும். இனிமே டயர பாக்கக் கீழ எறங்கற வேலையே இல்ல.”

நான் தலையாட்டினேன். ஓசிப் பயணத்தில் தலையாட்டல்தானே டிக்கெட்?

கிளம்புமுன் ஏழுமலை கையில் ஒரு இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றி வந்தார். இருபது வருடம் லாரி ஓட்டியவர். டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு. பார்த்திபன் பதறிப்போய் ஓடினான்.

“யோவ் ஏழுமல, அடிச்சுகிடிச்சு வீல் கப்ப ஒடச்சி வெக்காத. அதான் ஸ்கிரீன் கீதே. இது இன்னா ஜல்லி லாரியா?”

ஏழுமலை கம்பியை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். இந்த மாதிரி கனமான வண்டிகளில் பின்னால் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் கிடையாது, இரண்டு. ஒட்டினாற்போல ஜோடியாக இருக்கும். வெளி டயர் எல்லோர் கண்ணிலும் படும். உள் டயர் யார் கண்ணிலும் படாது. உள் டயரில் காற்று இறங்கினால் வண்டி சாயாது, ஆடாது. பக்கத்து டயர் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சத்தமில்லாமல் சுமக்கும். சுமந்து சுமந்து சூடேறும். பிறகு ஒரு நேரத்தில் இரண்டும் சேர்ந்து போகும். ஓட்டுகிறவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

டிபன் கடையில் நாங்கள் இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தபோது, ஏழுமலை வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். கையை உள்ளே விட்டு எதையோ தொட்டுவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு கம்பியை எடுத்து வந்து தட்டினார். வெளி டயரில் ‘டங்’ என்றது. உள்ளே விட்டுத் தட்டியதில் ‘தொப்’ என்றது. ஈர மூட்டையில் அடித்த மாதிரி.

“சார், லெஃப்ட்டு உள் டயர்ல காத்து இல்ல. கை வெக்க முடியல, அவ்ளோ சூடு. கழட்டிப் பாக்காம நான் நவுத்த மாட்டேன்.”

பார்த்திபன் சாம்பார் கையோடு எழுந்துபோய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தான்.

“எல்லாம் பச்சையா கீது. உன் கம்பிதான் கெட்டுப்போச்சு.”

“ஸ்கிரீன்ல நாலுதான் சார் கீது.”

“ஆமா, நாலு டயரு, நாலு நம்பரு.”

“டயரு ஆறு சார்.”

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்த்திபன் விரலை மடக்கினான். முன்னால் இரண்டு, பின்னால்... அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வாங்கி இத்தனை நாளில் அவன் தன் வண்டியின் டயர்களை முதன்முறையாக எண்ணுகிறான். கார் சாமான் கடையில் “பின்னாடி ரெண்டு” என்று சொல்லி, காருக்கான செட்டை வாங்கி மாட்டியிருக்கிறான். வண்டிக்குப் பூஜை போட்ட அன்று எலுமிச்சம்பழம்கூட நாலுதான் வாங்கினானாம், அவன் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தப்பு தெரிந்த பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள்? திருத்துவார்கள் என்று நினைத்தால் நீங்கள் பார்த்திபனைச் சந்தித்ததில்லை. குரலை உயர்த்தினான்.

“சதுரங்கப்பட்டினம் இன்னா டெல்லியிலயா கீது? கொஞ்ச தூரம். அங்க போயி பாத்துக்கலாம். ஓட்ட முடியாதுன்னா சாவிய குடு, நான் ஓட்டிக்கறேன். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்.”

ஏழுமலைக்கு அச்சரப்பாக்கத்தில் வீடு. லாரியில் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. தினமும் மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவர். மனைவிக்கு உடம்பு சரியில்லை. வரும் வழியில் அவரே சொன்னார். அந்த வேலைதான் இப்போது இட்லிக் கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். “கொழந்தைங்கள எறக்கிட்டு ஓட்டுங்க சார்” என்றார். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? வடையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? பேசியது என் மனைவி.

“டேய் பார்த்தி, ஒக்காரு. ஏங்க, ஊர்ல இருக்கற கல்வெட்டுலலாம் தேதி படிக்கறீங்களே, போயி அந்த டயர்ல இருக்கறத படிங்க.”

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு அது பிறந்த வாரம், அடுத்த இரண்டு பிறந்த வருடம். முன் டயர்கள், வெளி டயர்கள் எல்லாம் ஒரே வாரத்துப் பிள்ளைகள், சமீபத்தியவை. செய்தித்தாளை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து, கைபேசி வெளிச்சத்தில் உள் டயரைத் தேடினேன். சேறு துடைத்துப் படித்தேன். நம்பாமல் இன்னொரு முறை படித்தேன். உள்ளே இருந்த இரண்டும் வெளியே இருந்தவற்றைவிட ஏழு வயது மூத்தவை.

எழுந்து வந்து சொன்னேன். பார்த்திபன் சட்டென்று, “அது... வேனோட வந்த பழைய டயரு. நல்லாத்தான் இருந்துச்சு. புதுசு நாலு வாங்குனேன். உள்ள தான மாமா, யாரு பாக்கப் போறா?” என்றான். உள்ளே டயர் இருப்பது அவனுக்குத் தெரியும்; கண்ணில் படாததால் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

யார் பார்க்கப் போகிறார்கள்... இந்தக் கேள்வியில்தான் நம் ஊரின் பாதி காரியங்கள் நடக்கின்றன. எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கம் இரண்டு கேமரா வாங்கியது. இரண்டும் வாசல் கேட்டைப் பார்க்கின்றன. பின்பக்க மதில் இடிந்து ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருக்கிறது. கூட்டத்தில் அதைச் சொன்னேன். “அங்கதான் கேமரா இல்லியே சார், எப்படித் தெரியும்?” என்றார் செயலாளர். திரையில் வராதது இல்லவே இல்லை என்று நம்புகிறவர்களை எந்தக் கருவி காப்பாற்றும்? கருவிக்கு நாலு சென்சார் கொடுத்தால் நாலைப் பற்றித்தான் பேசும். மீதி இரண்டைப் பற்றிப் பேச அதற்கு என்ன தலையெழுத்து?

பஞ்சர் கடை பக்கத்திலேயே இருந்தது. ஏழுமலை ஆளில்லாத வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போக, நாங்கள் ஆறு பேரும் ஊர்வலம் மாதிரி பின்னால் நடந்தோம். கடைக்காரர் அளவுமானியை உள் வால்வில் வைத்தார். பதினெட்டு. டயரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். கருப்புத் தூள் கொட்டியது, இரண்டு கை அள்ளும் அளவுக்கு. காற்றில்லாமல் ஓடியதில் உள்பக்க ரப்பர் அரைந்திருக்கிறது.

“இன்னா அண்ணாத்த, டயர்னு சொல்லி காப்பித்தூள் எட்துனு வந்துகீற?”

ஏழுமலை மட்டும் சிரித்தார். பார்த்திபனின் சின்ன மகள் அந்தத் தூளைக் காலால் தொட்டுப் பார்த்தாள். அவள் அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுத முடியாது.

அந்த ஜோடியின் வெளி டயரையும் கழற்றிப் பரிசோதித்தார்கள், தப்பித்திருந்தது. ஸ்டெப்னியை உள்ளே போட்டு, ஆறு டயருக்கும் காற்று பார்த்து, சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர பதினொன்றரை. கோட்டை வாசலில் பார்த்திபன் தன் நண்பனோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“வர்ற வழியிலயே எனக்கு டவுட்டு மச்சான். சவுண்டு ஒரு மாதிரி இருந்துச்சு. நிறுத்துடான்னேன். டிரைவரு, ஒண்ணும் இல்ல போலாம் சார்ன்றான். நான் வுடுவனா?”

ஏழுமலை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

மாமல்லபுரம், நெம்மேலி எல்லாம் பார்த்து, மாலை ஐந்தே காலுக்கு எங்களைப் பத்திரமாகச் செங்கல்பட்டில் இறக்கினார். பார்த்திபன் பெரிய மனதோடு, “காலைல கோவத்துல சொல்ட்டேன், நாளைக்கு வந்துடு” என்றான். “இல்ல சார், வேற ஆள பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ஏழுமலை பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போய், வேலையைத்தான் திரும்பத் தருகிறானே, ஏன் என்று கேட்டேன்.

“இன்னைக்கு நான் சொன்னத அவுரு சொன்னதா சொல்லிகினாரு. நாளைக்கு எதனா ஆச்சுன்னா, அவுரு பண்ணத நான் பண்ணதா சொல்லுவாரு. அப்ப நான் உள்ள போய்டுவேன் சார். லாரியே தேவல. வூட்ல சொன்னா புரிஞ்சுக்கும்.”

திங்கட்கிழமையே மறுபடி லாரியில் ஏறிவிட்டார் என்று கேள்வி.

புதன்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்குப் பார்த்திபன் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். புதிய திரை. ஆறு கட்டம். ஆறிலும் பச்சை எண்கள். கீழே, “இப்ப ஓகேவா மாமா?” என்று கேட்டிருந்தான்.

ஓகேதான். ஆறு டயரிலும் காற்று கச்சிதமாக இருக்கிறது... ஓட்டுநர் இல்லாமல் வண்டி எங்கும் போகவில்லை அல்லவா?