மச்சான் கரியறைக்குள் இறங்கிய நாள்

நாங்கள் குடியேறிய ரோவிலில் என் தங்கை வீட்டில் பார்பிகியூ என்றால் கராஜிலிருந்து கரி மூட்டையை எடுத்து வருவது நான்தான். அதுவும் ரோலர் கதவை முழுதாகத் திறந்துவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு. "இட்ஸ் ஜஸ்ட் சார்கோல், மாமா" என்று தங்கையின் மகள் சிரிப்பாள். அது விறகுக்கரி, நிலக்கரி இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? காற்று உள்ளே போய் வந்த பிறகுதான் நான் போவேன்.

இளவயதில் ஒரு பழைய நிலக்கரிக் கப்பலில் வேலை செய்தேன். தங்கைக்கு நிச்சயித்திருந்த மச்சானும் கூடவே வந்தான். அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தலையில் விழுந்திருந்தது. சும்மா இருக்கிற ஆளா அவன்? ஒருமுறை வெறும் தண்ணீர்த் தாங்கிக்குள் இறங்கி, நான் கூப்பிடக் கூப்பிடச் சத்தம் காட்டாமல் இருந்தான். நான் அழுவாரைப்போல ஆன பிறகு, "வெருண்டிட்டியோ?" என்று பல்லைக் காட்டினான்.

சூயஸ் கால்வாயின் வாசல் துறைமுகத்தில் முறைக்காகக் காத்து நின்றோம். எங்களுடையதைப் போலத் துருப்பிடித்த கரிக் கப்பல்கள் இன்னும் சில அங்கே கிடந்தன. சிறு படகுகளில் வியாபாரிகள் தோல் பைகளோடு வந்து சுற்றுவார்கள். மற்றவர்களுக்கு அது திருவிழா. எனக்கு அப்படியில்லை. கால்வாய்க்குள் நுழையுமுன் கரி சூடேறியிருக்கிறதா என்று யாராவது கப்பலின் அடியில் கரி குவித்த கரியறைக்குள் இறங்கித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கப்டனின் பிடிவாதம். நாட்கணக்கில் மூடிக் கிடக்கும் நிலக்கரி உள்ளே இருக்கும் நல்ல காற்றைத் தின்றுவிடும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டுத்தான் இறங்க வேண்டும். அன்று எங்கள் முறை முன்கூட்டியே வந்துவிட்டது. காற்றாட விட நேரமில்லை.

"கெதியாப் பாத்திட்டு வாறன்" என்று மச்சான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

மாலுமிகளுக்கு மேலாளான போசன் தூத்துக்குடிக்காரர். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கரிக்குள் இறங்குகிறவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இறங்க வேண்டும். "எதையாவது பேசு. பேச்சு நின்னா இழுத்துருவேன்" என்றார்.

மச்சானுக்குப் பேசவா சொல்லிக் கொடுக்க வேண்டும்? என் தங்கையின் சமையலை நக்கலடித்தபடி இறங்கினான். அவள் அவித்த புட்டால் எறிந்தால் ஆள் விழும் என்றான். "உனக்கு அதுவும் கிடையாது" என்று நான் மேலிருந்து திருப்பிக் கொடுத்தேன். அவன் குரல் இருட்டுக்குள் சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு இல்லை.

"டேய், விளையாடாதை" என்று கத்தினேன்.

பதில் வரவில்லை. பழைய சேட்டைதான் என்று நினைத்தேன். அப்படி இல்லாவிட்டால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. போசன் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை, கயிற்றை இழுத்தார். மறுமுனை அசையாமல் கனத்தது. நான் ஏணியில் காலை வைத்தேன். அவர் என் கொலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"நீயும் போனா ரெண்டு பேரையும் தூக்கணும். கயித்தப் புடி."

இழுத்தோம். கயிறு கையில் வழுக்கியது. தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அவன் மேலே வந்தபோது உதடு நீலமாக இருந்தது. போசன் வாயோடு வாய் வைத்து ஊதினார், நெஞ்சை அமுக்கினார், மறுபடி ஊதினார். முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது ஒரு இருமல் வந்தது.

கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் தேடினான். முகத்தில் கோபம்.

"ஏனடா மறுமொழி சொல்லாமல் நிண்டனி? நான் கதைச்சுக்கொண்டுதானே இருந்தனான்."

அது சேட்டை இல்லை. மேலே வரும் வரைக்கும் பேச்சை நிறுத்தவே இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.