அம்மாவின் வயிற்றிலும் ஒரு பை

பனிச்சங்கேணியில் யாருடைய வலை ஆற்றின் அடியில் சிக்கினாலும் மூழ்கி எடுத்துக் கொடுப்பவர் என் அப்பா. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சண்டையில் வெடித்த ஷெல் குண்டின் துண்டு ஒன்று அவருடைய குடலைக் கிழித்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றின் இடப்பக்கத்தில் துவாரம் வைத்து, மலம் வந்து சேர ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று ஊர் சொன்னது. அப்பா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

அதன்பிறகு ஒரு வருடம் அவர் ஆற்றில் கால் நனைக்கவில்லை. கிணற்றடியில் காக்கைக் குளியல் குளித்துவிட்டு, கண்டல் மர நிழலில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார். பையோடு நீந்தலாம், மூழ்கலாம், ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதைத் தினமும் நினைவூட்டுவார்.

“டொக்டர்ர வயித்திலயா பை கிடக்கு? நாலு பேருக்கு முன்னால கழண்டு மிதந்தா நான் யார்ர முகத்தில முழிக்கிற?” என்று ஒருநாள் அப்பா வெடித்தார்.

 

மறுநாள் ஆற்றில் குளிக்கும்போது அம்மாவின் நனைந்த சீலைக்குள் பார்த்தேன். இடப்பக்கத்தில் அதே பை. பாதை அடிக்கடி மூடப்படும் அந்த நாட்களில் ஒரு பை கிடைப்பதே குதிரைக் கொம்பு. அப்படியிருக்க, காரணமில்லாமல் யாராவது ஒட்டிக்கொள்வார்களா? அப்பாவின் நோய் ஒட்டுவாரொட்டி வருத்தம் என்று முடிவு கட்டினேன். அடுத்தது நான்தான் என்று என் வயிற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மூன்று நாளும் அம்மா வெகுநேரம் குளித்தார். மூழ்கினார், எழும்பினார், குனிந்து வயிற்றைப் பார்த்தார். நான் கரையில் நின்று அழுதேன். அம்மா கேட்டபோது, கண்ணில் சவர்க்காரம் பட்டது என்றேன்.

நாலாம் நாள் தாங்க முடியாமல் அப்பாவிடம் போனேன்.

“அப்பா, அம்மாக்கும் உங்கட வருத்தம் வந்திட்டு. வயித்தில பை ஒட்டியிருக்கா.”

வலை ஊசி அப்படியே நின்றது. “எத்தின நாளா?” என்றார்.

“மூணு நாளா.”

“அதோடயா குளிக்கிறா?”

“ஓம். மூழ்கிறா.”

“கழண்டதா?”

“இல்ல.”

அப்பா சிரித்தார். பிறகு சாரன் நுனியால் கண்ணைத் துடைத்தார். எழுந்து நேரே ஆற்றை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். இடுப்பளவு, நெஞ்சளவு, பிறகு தலையைக் காணவில்லை. அந்தத் துவாரத்தால் தண்ணீர் புகுந்து அப்பா குடம் போல் நிறைந்துவிடுவார் என்று பயந்து கத்தினேன். தோணியில் போனவர்கள்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டார்கள்.

எங்கோ தூரத்தில் எழும்பினார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். “கிடக்கு,” என்று கரையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில், எப்போது வந்தாரோ, அம்மா மணலில் இருந்து அழுதுகொண்டிருந்தார்.

ஆனால் அப்பா மேல் எனக்கு வந்த கோபம் பல நாள் தீரவில்லை. பெண்சாதிக்கு இப்படி ஒரு வருத்தம் வந்திருக்கிறது என்று சொன்னால், சிரித்துவிட்டு நீந்தப் போகிற மனுசனை நான் அதற்குமுன் கண்டதில்லை.