அரைக்கிலோ ட்ரிகர்

என் பெயர் போட்ட சர்ட்டிபிகேட் என்று வீட்டில் ஒன்றுமே கிடையாது. பிறப்புப் பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. என்மேல் அக்கறை காட்டிய முதல் ஜீவன் அதுதான்.

என் தாய்மாமாவுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் மளிகைக் கடை. அவர் மகளைக் கேட்டு நானே போய் நின்றேன். மாமா பருப்பு நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"டேய், அவ ஃபார்ம் ஃபைவ் பாஸ் பண்ணவ. நீ ஸ்டாண்டர்ட் ஃபோர்ல ஓடிப் போனவன். உன் பேரு போட்ட ஒரே ஒரு சர்ட்டிபிகேட் கொண்டா, அப்புறம் பேசலாம்."

"டிரைவிங் லைசன்ஸ் இருக்கு மாமா."

"அத மாட்டுக்கும் குடுப்பான்லா."

அப்போது மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஸ்கூட்டரைப் பழுதுபார்க்க விடுகிற யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர், அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், ஒரு துப்பாக்கி கிளப்புக்குச் செயலாளர். கிளப்பின் காற்றுப் பிஸ்டல்களில் காற்று கசிந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். கூலிக்குப் பதில் சுட விடுவார். உலகத்திலேயே என் கை நடுங்காத இடம் அது ஒன்றுதான். நாலு பேர் அணியில் ஒருவருக்குக் குடல் இறங்கி ஆபரேஷன் என்றதும் அங்கிள் என்னைச் சேர்த்தார். கிளப்புகளுக்கு இடையிலான போட்டி. சுட்டு முடித்தவர்கள் எல்லாருக்கும் சர்ட்டிபிகேட் உண்டாம். ஜெயிக்க வேண்டாம், சுட்டால் போதும். என் தகுதிக்கென்றே செய்த போட்டி.

ஒரே தொல்லை ட்ரிகர். துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல இழுக்க வேண்டும். குண்டு கிளம்புவதற்குள் குறி எங்கோ அடுத்த பேட்டை பங்சார் பக்கம் போயிருக்கும். பிஸ்டலை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பதால் கிளப் மேசையிலேயே, அங்கிள் கண்ணெதிரில், அதைப் பிரித்தேன். என் விரல் நுனிக்கு ஏற்றபடி ஒரு பித்தளைத் துண்டை அராவி ட்ரிகர்மேல் பொருத்தினேன். உள்ளே ஒன்றையொன்று பிடித்து நிற்கும் இரண்டு இரும்பு முனைகளையும் கண்ணாடி போலத் தேய்த்தேன். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டிப் போட்டேன். பட்டறையிலும் நான் அப்படித்தான். எதைப் பிரித்தாலும் கொஞ்சம் மிச்சம் வைப்பேன்.

"தம்பி, கவனம்" என்றார் அங்கிள். "பிஸ்டலை நிமிர்த்திப் பிடிச்சு, ட்ரிகர்ல ஐந்நூறு கிராம் கல்லைத் தொங்க விட்டுத் தூக்குவாங்கள். விடுபட்டால் உம்மைச் சுட விடமாட்டாங்கள்."

கிளப்பின் சோதனைக் கல்லைப் போட்டி நடத்துகிறவர்கள் வாங்கிப் போயிருந்தார்கள்.

"கவலைய விடுங்க அங்கிள். மாமா கடையில அரைக்கிலோ கல் இருக்கு."

கேட்டால் மாமா தரமாட்டார். கேட்கவில்லை. கல்லைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கடைசியில் கல்லோடு தூக்கினால் நிற்கும். கல்மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் விடும். அப்படி ஒரு கணக்கு. அன்றிரவு என்னைப் பார்த்து நானே பொறாமைப்பட்டேன்.

போட்டியன்று சோதனை மேசையில் ஒரு சீனர் அங்கிள். பிஸ்டலில் குண்டில்லாமல் காற்றை மட்டும் ஏற்றி, தன் கல்லை மாட்டித் தூக்கினார். டப். மறுபடி தூக்கினார். டப்.

"தா போலே லா, பாஸ்" என்று மலாயில் சொல்லித் தலையாட்டினார். கூடாதாம்.

நான் விடுவேனா? பையிலிருந்து மாமாவின் கல்லை எடுத்து, கோயில் பிரசாதம் மாதிரி நீட்டினேன். அவர் அதைத் தராசில் வைத்தார். ஐந்நூறுக்கு வெகு தூரம் முன்பே முள் நின்றுவிட்டது. கல்லைத் திருப்பினார். அடியில் ஈயம் இருக்க வேண்டிய குழியில் கறுப்பாக ஏதோ இருந்தது. விரலால் தோண்டி மோந்து பார்த்தார். புளி.

செயலாளர் அங்கிளின் முகம் மாறியது.

"தம்பி, உம்மட மாமா கடையிலதானே நான் இவ்வளவு வருஷமாப் பருப்பு வாங்கிறனான்!"

எனக்குப் பருப்பு முக்கியமில்லை. சர்ட்டிபிகேட் போகிறது, அதோடு பெண்ணும் போகிறாள். திருகாணியை முறுக்கினேன்; வெட்டிய ஸ்பிரிங்குக்கு அது எட்டவேயில்லை. மிச்சம் வைத்த அந்த ஒன்றரைச் சுற்று கிளப் குப்பையோடு போய்விட்டிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்து ஸ்பிரிங்குக்கு அடியில் கொடுத்து முறுக்கினேன். சீனர் மறுபடி தன் கல்லை மாட்டித் தூக்கினார். நின்றது. வயிறு தெரிய நின்று சுட்டேன். கடைசிக்கு முந்தின இடம். எனக்கும் கீழே வந்தவர், பாவம், ஒரு குண்டைப் பக்கத்து ஆளின் குறியட்டையில் போட்டவர்.

மறுநாள் மாமாவின் மேசையில் சர்ட்டிபிகேட்டை வைத்தேன். பக்கத்தில் கல்லையும் வைத்தேன்.

"இது எப்படிடா உன் கையில?"

"போட்டியில நிறுத்துப் பாத்தாங்க மாமா. அடியில புளி இருந்துச்சு."

மாமா கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"எனக்கு, செயலாளர் அங்கிளுக்கு, ஒரு சீன அங்கிளுக்கு. அவரு இங்க சாமான் வாங்குறதில்ல."

மாமா சர்ட்டிபிகேட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் படித்தார். அதில் இருந்ததே மூன்று வரி.

"தை மாசம் நல்ல நாள் இருக்கு, மருமவனே" என்றார்.

சத்தியமாக நான் மிரட்டவில்லை. எனக்கு அந்த அளவுக்கு அறிவு கிடையாது.

மாமா புதுக் கல் வாங்கினார். சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலேயே மாட்டினார். கல்யாணமான முதல் வாரம் பருப்பு வாங்க நான் மாமா கடைக்குக் கிளம்பினேன். மனைவி பையைப் பிடித்து நிறுத்தி எதிர்க்கடையைக் காட்டினாள்.

"அதான் கல்ல மாத்திட்டாரே" என்றேன்.

"கல்லத்தான மாத்தினாரு" என்றாள். "கை அதே கைதான?"