மைல்கல்லுக்குத் தார் பூசியவன்

கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று நான் சொல்லித் திரிந்த வீதி ஒன்று உண்டு. காரைநகரில் கடலோரம் தொடங்கி, பொன்னாலைப் பாலம் தாண்டி, மூளாய், சித்தன்கேணி, சங்கானை, சண்டிலிப்பாய், மானிப்பாய், ஆனைக்கோட்டை என்று வளைந்து வளைந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும். இதை யார் போட்டது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி. ஒல்லாந்தன் என்பார்கள் சிலர். மாட்டு வண்டில்காரர் மேடுபள்ளம் பார்த்து ஒதுங்கி ஒதுங்கிப் போன தடத்தில்தான் பிறகு வெள்ளைக்காரன் கல்லுப் போட்டான் என்பது மற்றக் கட்சி. வீதியின் வளைவுகளைப் பார்த்தால் மாடுகள் பக்கம்தான் நியாயம்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு பஸ் குறைந்து, பெற்றோல் மறைந்து, வீதி முழுக்கச் சைக்கிள். காரைநகரில் கடற்படை முகாம். என்றைக்கோ ஒருநாள் அவர்கள் இதே வீதியால் வருவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வாசிகசாலையில் கூடிய கூட்டத்தில் நான்தான் எழும்பி, மைல்கல்லுக்கும் ஊர்ப்பெயர்ப் பலகைக்கும் தார் பூசினால் வருபவன் வழி தெரியாமல் மாய்வான் என்றேன். தெரியாத ஆட்களுக்கு இடத்தின் பெயர் சொல்லக்கூடாது என்றும் சேர்த்துவிட்டேன். கைதட்டினார்கள். மற்ற ஊர்க்காரரும் அதையே செய்தார்கள். வீதி இலாகா பாதையோரம் விட்டுப்போன பீப்பாயில் மிச்சம் கிடந்தது தார். குழிகளுக்கு வந்த தார் கற்களுக்குப் போனது.

அடுத்த மாதம் என் மனைவியை மானிப்பாய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு மணிக்கு ஒப்பரேசன், அதற்கு முன்னர் இரத்தம் வேண்டும், உடனே வரட்டாம் என்று காலை பதினொரு மணி போல ஆள் வந்து சொன்னது. அவளுடைய இரத்தமும் என்னுடையதும் ஒரே வகை. எங்கள் கல்யாணத்தில் சாத்திரிமார் பார்க்காமல் பொருந்தியது அது ஒன்றுதான்.

சைக்கிளை எடுத்தேன். சங்கானை வரை சரி. சண்டிலிப்பாய் நெருங்க மேலே குண்டு போடும் பொம்மர் இரைந்தது. மற்றவர்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கினார்கள். நான் மட்டும் சைக்கிளோடு ஒரு ஒழுங்கைக்குள் பாய்ந்து, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது என்று, பொம்மர் என்னைத் தேடித்தான் வந்தது போல மிதித்தேன். எல்லாப் பக்கமும் ஒரே கிடுகு வேலி, ஒரே பனை. இரைச்சல் போன பிறகு பார்த்தால் ஒரு புகையிலைத் தோட்டத்தில் நான் குப்புறக் கிடக்கிறேன், சைக்கிள் என் மேலே கிடக்கிறது.

எப்படியோ ஒரு தார் வீதிக்கு ஏறினேன். என் வீதிதானா, வேறொன்றா? இடமா, வலமா? உச்சி வெயில், நிழல் காலடிக்குள் கிடந்தது. ஒரு மைல்கல் தெரிந்ததும் ஓடிப்போய்க் குனிந்தேன். கறுப்பு. நல்ல திறமாகப் பூசியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன், நகம்தான் கறுத்தது. ஒரு திசையைப் பிடித்து மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் கடற்காற்று முகத்தில் அடிப்பது போல இருந்தது. நேரே கடற்படை முகாமுக்குள் போய் இரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்ததும் கால் தானாக நின்றது.

எதிரே ஒருவர் சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். மறித்து, இது எந்த இடம் என்று கேட்டேன். தலையிலிருந்த புகையிலைத் தோட்டத்து மண்ணிலிருந்து கறுத்த நகம் வரைக்கும் என்னைப் பார்த்தார்.

"நீர் எந்த ஊர்?"

சொன்னேன்.

"உந்த ஊர்க்காரனுக்கு இது எந்த இடம் எண்டு தெரியாதோ?"

"பொம்மர் வந்த பதகளிப்பிலை மறந்துபோச்சண்ணை."

"தெரியாத ஆக்களுக்கு இடம் சொல்லக்கூடாது எண்டு கூட்டத்திலை முடிவு."

"அந்த முடிவை எடுத்ததே நான்தான்."

"அப்ப உமக்குச் சொல்லத் தேவையில்லைத்தானே," என்று மிதியில் கால் வைத்தார்.

குலையைப் பிடித்துக்கொண்டேன். மனைவி, ஒப்பரேசன், இரண்டு மணி, இரத்தம் எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அவருடைய முகம் மாறியது.

"ஆஸ்பத்திரி எண்டு முதலே சொல்லியிருக்கலாமே. இடத்தின்ரை பேர் நான் சொல்லமாட்டன். பின்னாலை வாரும்."

நான் வந்த வழியே அவருக்குப் பின்னால் திரும்பினேன். வழியில் எந்த இடத்தின் பெயரையும் கேட்கக்கூடாது என்றார். மானிப்பாய்ச் சந்தியில் ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, நன்றி சொல்ல முன்பே குலையோடு போய்விட்டார். இரண்டு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது.

நாடி பிடித்த தாதி, இந்த அடி அடிக்கும்போது எடுக்க முடியாது, பத்து நிமிடம் படுங்கோ என்று ஒரு கட்டிலில் கிடத்திவிட்டார். நெஞ்சு அடங்கப் பார்த்தால் மணி ஓடுகிறது, மணியைப் பார்த்தால் நெஞ்சு ஓடுகிறது. கடைசியில் டொக்டர் வந்து மணிக்கூட்டைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் இரத்தம் இறங்கியது.

மனைவியைத் தள்ளுவண்டிலில் வைத்து என் கட்டிலைக் கடந்து தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் தலையைத் திருப்பி, உடம்பெல்லாம் மண்ணோடு வெளிறிக் கிடந்த என்னைப் பார்த்துத் தாதியிடம் கேட்டாள்:

"இவருக்கு என்ன ஒப்பரேசன்?"

சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். வாய் கோணியது. கடந்துபோகையில் கைக்கு எட்டிய அவளுடைய காலைத்தான் பிடிக்க முடிந்தது. வண்டில் என் கையைத் தாண்டிப் போகும் வரைக்கும் அவள் காலை இழுக்கவில்லை.