இரண்டு பியானோ, ஒரு ரயில்

இரண்டு பியானோக்கள் ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து வாசிக்கும் கான்செர்டோ அது. எனக்கும் திண்டிவனத்துத் தோழிக்கும் வாய்த்தவை இரண்டு கீபோர்டுகள்தான். ஆர்கெஸ்ட்ரா செல்போனிலிருந்து வந்தது. ஒத்திகைக்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சர்ச்சுக்குக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போவேன். நேரத்துக்கு வராமல் என் உயிரை வாங்கிய ரயில்.

எங்கள் ஊர் சர்ச்சில் ஞாயிறு பாட்டுக்காகக் கீபோர்டில் ஏற்றிவைத்த சுருதியை, கச்சேரியன்று இறக்க மறந்துவிட்டேன். நான் தொட்ட முதல் சுரமே அபசுரம். கை அப்படியே நின்றுவிட்டது. எதிர் கீபோர்டில் இருந்த தோழி, என்னைவிட இளையவள், சட்டென்று என் பகுதியையும் வாசித்தாள். அதற்குள் நான் சுருதி பட்டனைச் சரிசெய்து சேர்ந்துகொண்டேன்.

"என் பார்ட்டை எப்பம்மா கத்துக்கினே?" என்று முடிந்ததும் கேட்டேன்.

"ரயிலு லேட்டாவுற அன்னிக்கெல்லாம் ரெண்டையும் நானேதான் வாசிச்சிக்கினு இருந்தேங்க்கா."

அதன்பிறகு அந்த ரயிலைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.