புறங்கை

வண்டியை ஓரங்கட்டியதும் தேனீக்காரர் தண்ணீர் குடிக்கமாட்டார், சோம்பல்கூட முறிக்கமாட்டார். நேரே பின்னால் போய், ட்ரெய்லரின் நான்கு சக்கரங்களிலும் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். "உள்ளங்கை மரத்துப்போச்சு, பொய் சொல்லும். புறங்கைதான் நெசம் பேசும்" என்பார்.

ட்ரெய்லரில் தேனீப் பெட்டிகள். இழுப்பது இருபத்தொரு வயதான பிக்கப் ட்ரக். அதை வாங்கிய கதை தனி. "நான் வர்ற வரைக்கும் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். போய் பானெட்டில் புறங்கையை வைத்தால், கதகதப்பு! முன்பே ஓட்டிச் சூடாக்கிவிட்டால் இஞ்சினின் குறை தெரியாதே. மனிதர் கோபப்படவில்லை. "அவசரமில்லை, ஆறட்டும்" என்று செய்தித்தாளை விரித்து எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். இரண்டரை மணி நேரம். விற்பவர் நெளியோ நெளி என்று நெளிந்தார். ஆறிய இஞ்சின் முக்கி முனகிப் புகை கக்கியது. "இவ்வளவுதானே?" என்று அதையே வாங்கியும் விட்டார்! கேட்டால், "குறையைத் தெரிஞ்சு கட்டிக்கிட்டா சண்டை வராது" என்கிறார். பக்கத்தில் நின்ற மனைவி விடுவாளா? "என்னைக் கட்டும்போது இந்தப் புத்தி எங்க போச்சு?"

தினமும் காலையில் வண்டிக்கு அடியில் விரித்த அட்டையை உருவிப் படிப்பார். பச்சைச் சொட்டு என்றால் ரேடியேட்டர், கறுப்பு என்றால் இஞ்சின் ஆயில். சொட்டே இல்லாத நாளில் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

போன வருஷம் மட்டும் பூரிப்பு எடுபடவில்லை. மலைமேல் பூத்திருக்கிறது என்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனபோது, பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. வாயடைத்த பெட்டிகள், உச்சி வெயில். ஆறு பெட்டித் தேனீக்கள் புழுங்கிச் செத்தன. மனைவி அவற்றை வாரிக் கொட்டும்போது அழுதாள். இந்த வருஷம் கிளம்பும்முன் கறாராகச் சொன்னாள்: "இன்னொரு தடவை வழியில நின்னுச்சுன்னா வண்டியை வித்துடணும். பூச்சியைக் கொன்னு பொழைக்க வேண்டாம்." அவரும் தலையாட்டினார்.

ரேடியேட்டர், பெல்ட், ஹோஸ் எல்லாம் புதிதாகத் தன் கையாலேயே மாற்றியிருந்தார். விடிந்ததும் ஏற்றம். இரண்டாம் கியரில் ஊர்ந்தார். பின்னால் ஹாரன் அலறியது, திரும்பியே பார்க்கவில்லை. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதும் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டார். இஞ்சின் சூடு மொத்தமும் இவர்கள் முகத்தில் அடித்தது.

"ஐயோ, வேகுதே!"

"நாம வெந்தா அது வேகாதும்மா. பொறுத்துக்க."

முள் சிவப்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது, நின்றபடியே உச்சி வந்து சேர்ந்தது. பெட்டிகளுக்குள் ரீங்காரம் குறையவே இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல்.

இறங்கி வழக்கம்போல் சக்கரம் சக்கரமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். நான்காவது சக்கரத்தில் ஏற்கெனவே ஒரு புறங்கை இருந்தது. அந்த அம்மா நிமிர்ந்து, வியர்த்து வழியும் அவர் நெற்றியில் அதே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.